ஐஸ்கிரீம் அடுக்கு சரிந்தது ஏன்?

வணக்கம் சகோதரி. அம்மாவின் 60-ஆவது பிறந்தநாளுக்கு ஒத்திகையாகச் செய்த கேக்கில் ஐஸ்கிரீம் அடுக்கு வழுக்கிச் சரிந்ததாகவும், மீண்டும் உறைய வைத்தபோது வாயில் நறநறத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். ஈரோட்டு வெயிலில் அதை மேசைமேல் வைத்து இளக்கியதுதான் தவறு. முழுதும் உருகிவிட்டால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும், மறுபடி உறையும்போது பெரிய பனித்துகள்கள் உண்டாகும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் 20 நிமிடம் வைத்து, கரண்டி இறங்கும் பதம் வந்தவுடன், முன்பே ஃப்ரீசரில் குளிரவைத்த, ஒரு விரல் தடிமனுள்ள கேக்கின்மேல் பரப்பி, 4 மணி நேரம் இறுகவிட்ட பிறகே அடுத்த அடுக்கைப் போடுங்கள்.

கேக் கல்லாகிவிடாமல் இருக்க, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரையில் காய்ச்சி ஆறவைத்த பாகை அதன்மேல் தடவலாம்; சர்க்கரை நீரின் உறைநிலையைத் தாழ்த்தும். நிறம் சற்றுக் கறுக்கும், ஆனால் எனக்கு அந்த மணமே பிடிக்கும்.

கோபி மண்டபத்துக்குக் கொண்டுசெல்ல, இறுக மூடிய டப்பாவில் கேக்கை வைத்து, தெர்மாகோல் பெட்டிக்குள் அதைச் சுற்றி மூன்று பங்கு ஐஸ்கட்டியும் ஒரு பங்கு கல்லுப்பும் கலந்து நிரப்புங்கள். வெறும் ஐஸ் 0 டிகிரியில் நின்றுவிடும். ஐஸ்கிரீமுக்கு அது போதாது. வெட்டும்போது ஒவ்வொரு துண்டுக்கும் கத்தியை வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்ளுங்கள்.