நெறிக்கட்டியை எடுத்தால் தீர்ந்துவிடுமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. புற்றுநோய்க்காகப் புராஸ்டேட் சுரப்பியை எடுத்து மூன்று வருடம் ஆகிறது. ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ (புராஸ்டேட் செல்கள் சுரக்கும் புரதம்) இப்போது 0.8. பெங்களூரில் எடுத்த பிஎஸ்எம்ஏ பெட் ஸ்கேனில் (புராஸ்டேட் புற்றுநோய் இருக்கும் இடத்தை ஒளிரக் காட்டும் ஸ்கேன்) இடுப்புக்குள் ஒரே ஒரு நெறிக்கட்டி தெரிகிறது. “எடுத்துவிட்டால் தீர்ந்தது” என்கிறார் ஒரு டாக்டர். தக்காளிப் பறிப்பு முடிந்ததும் ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: பறிப்பு முடியட்டும், சில வாரங்களில் பொதுவாக எதுவும் கைமீறாது. ‘தீர்ந்தது’ என்ற சொல்லைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

காலில் முள் தைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அதே வகை நிணநீர்க் கணுக்கள்தான் இடுப்புக்குள் ரத்தக்குழாய்களை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. ஸ்கேனில் ஒளிர்ந்தது ஒன்று. ஓரிரு மில்லிமீட்டரில் பதுங்கியிருப்பதை அந்த ஸ்கேனும் பெரும்பாலும் காட்டாது. இலைச்சுருட்டை கண்ட ஒரு செடியைப் பிடுங்கிவிட்டு, பக்கத்துச் செடியை அப்பா நம்புவாரா? அதனால் அந்தப் பகுதிக் கணுக்களை மொத்தமாக வாரி எடுக்கிறோம். அப்படியும் பெரும்பாலோருக்கு பிஎஸ்ஏ மறுபடி ஏறுகிறது. சிலருக்கு நிணநீர் தேங்கிக் கால் வீங்கும்.

பிறகு எதற்கு ஆபரேஷன்? ஆண் ஹார்மோனை அடக்கும் ‘ஹார்மோன் ஊசி’யைத் தள்ளிப்போட. அந்த ஊசி உடம்பைத் தகிக்க வைக்கும், எலும்பைத் தேய்க்கும்; தக்காளிப் பெட்டி தூக்குகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. பெல்ஜியத்தில் 62 பேரை வைத்து நடந்து 2018இல் வெளியான ஆய்வில், மூன்று இடங்கள் வரை பரவியவர்களில் அந்த இடங்களுக்கு மட்டும் சிகிச்சை பெற்றவர்கள் ஊசியில்லாமல் இருந்தது சராசரியாக 21 மாதம். வெறுமனே கண்காணிக்கப்பட்டவர்கள் 13 மாதம். அங்கும் பெரும்பாலோருக்குக் கொடுத்தது கதிர்வீச்சு. கத்தி வைத்தது கொஞ்சம் பேருக்குத்தான்.

நீங்கள் எழுதாத ஒன்று: சுரப்பியை எடுத்தபின் கதிர்வீச்சு கொடுத்தார்களா? இல்லையென்றால், இடுப்புப் பகுதி முழுவதற்கும் கதிர்வீச்சும் சில காலம் ஹார்மோனும் என்ற வழி இன்னும் திறந்திருக்கிறது. அதைப் பேசாமல் ஆபரேஷன் தேதி குறிக்காதீர்கள். கதிர்வீச்சு டாக்டரையும் ஒருமுறை பாருங்கள்.

பிஎஸ்ஏ சீட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிக் கொண்டுபோங்கள். அரூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் கடைசிச் சீட்டை மட்டும் நீட்டினார். பழையவை மஞ்சப்பையின் அடியில் பஸ் டிக்கெட்டுகளோடு கசங்கிக் கிடந்தன. பிரித்து வைத்துப் பார்த்தால், பத்து மாதத்தில் மூன்று மடங்கு! எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பது தெரியாமல் 0.8 என்ற எண்ணை வைத்து நான் என்ன சொல்ல? ஸ்கேன் சிடியையும் எடுத்துச் செல்லுங்கள். காகித அறிக்கையை மட்டும் படித்துவிட்டு யாரும் கத்தி எடுக்கக் கூடாது.