திறந்து எட்டு மாதம் ஆன அரிசி ஒயினைக் கொட்டிவிடலாமா?

சமையலுக்கு வாங்கிய அரிசி ஒயினைத் திறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது, கொட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், முதலில் லேபிளைப் பாருங்கள். அரிசி ஒயின் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம், ஆனால் உள்ளே இருப்பது ஷாவ்ஷிங்கா, சாகேயா, மிரினா, மக்கொல்லியா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறிவிடும்.

சீனாவின் ஷாவ்ஷிங் என்றால் அவ்வளவு கவலை வேண்டாம். ஆல்கஹால் 14 முதல் 18 சதவீதம் வரை இருக்கும், சமையலுக்கென்றே விற்பதில் பெரும்பாலும் உப்பும் சேர்த்திருப்பார்கள். மூடியை இறுக்கி இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் ஆறு மாதம் தாராளமாக ஓடும், ஃபிரிட்ஜில் வைத்தால் அதற்கு மேலும். நாம் செய்கிற தப்பு என்னவென்றால், கைக்கு வாகாக இருக்கட்டும் என்று எண்ணெய் பாட்டிலோடு சேர்த்து இதையும் அடுப்புப் பக்கத்திலேயே வைத்துவிடுவது. சூடும் வெளிச்சமும்தான் இதற்கு எமன்.

ஜப்பானின் சாகே அப்படித் தாங்காது. குடிப்பதற்கென்றால் திறந்த பிறகு ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடிப்பது நல்லது, சமையலுக்கென்றால் இரண்டு மூன்று மாதம் ஓட்டலாம். பாட்டிலைப் படுக்க வைக்காதீர்கள், நிற்க வைத்தால் காற்று படுகிற பரப்பு குறையும். சூடாக்கிப் பதப்படுத்தாத 'நாமா' வகை என்றால் திறக்காவிட்டாலும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும்.

மிரின், அதாவது ஜப்பானியச் சமையலில் சேர்க்கிற இனிப்பான அரிசி ஒயினில், நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று ஃபிரிட்ஜில் வைத்தேன், சில வாரம் கழித்து அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, பூஞ்சை என்று நினைத்து பாதி பாட்டிலைக் கொட்டிவிட்டேன். அது வெறும் சர்க்கரை! அசல் மிரினில் சர்க்கரை அவ்வளவு இருப்பதால் குளிரில் உறைந்து படியும், அதை வெளியே நிழலில் வைத்தாலே போதும். ஆனால் 'மிரின் மாதிரி' என்று விற்பதில் ஆல்கஹால் 1 சதவீதம்கூட இருக்காது, அதற்குத்தான் ஃபிரிட்ஜ் கட்டாயம்.

கொரிய மக்கொல்லி என்றால் யோசிக்கவே வேண்டாம், எட்டு மாதத்துக்கு அது தாங்காது. 6-8 சதவீத ஆல்கஹால்தான், அதிலும் சூடாக்கிப் பதப்படுத்தாமல் பச்சையாக விற்பது பாட்டிலுக்குள்ளேயே நொதித்துக்கொண்டிருக்கும். வாயு சேர்வதால் மூடியைத் திறக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, உங்கள் பாட்டிலுக்கு வருவோம். ஒரு ஸ்பூன் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி முகர்ந்து பாருங்கள். நிறம் கொஞ்சம் கருத்திருந்தால் பரவாயில்லை, ஷாவ்ஷிங்கில் அடியில் லேசான கசடு இருப்பதும் சகஜம். வினிகர் மாதிரி மூக்கில் ஏறினாலோ, தெளிவாக இருந்தது கலங்கியிருந்தாலோ, மேலே ஏடு கட்டியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். வாசனையே இல்லாமல் சப்பென்று இருக்கிறதா? கெட்டுப்போகவில்லை, ஆனால் குழம்பில் ஊற்றியும் பிரயோஜனம் இல்லை, புதுசு வாங்குங்கள். அடுத்த முறை சின்ன பாட்டிலாக.