பிங் போகிறது, ஃபோல்டர் திறக்கவில்லை!

கேள்வி: மேஜைக் கணினி கேபிளில், லேப்டாப் வைஃபையில். இரண்டிலும் விண்டோஸ் 11, இரண்டிலும் இன்டர்நெட் வருகிறது. ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று தெரியவே இல்லை. வீட்டில் இரண்டு ரவுட்டர் உண்டு.

பதில்: வில்லன் பெரும்பாலும் அந்த இரண்டாவது ரவுட்டர்தான். இன்டர்நெட் வருவதாலேயே இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருப்பதாக ஆகிவிடாது. ஸ்டார்ட்டில் சிஎம்டி (cmd) என்று தேடித் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளையை இரு கணினியிலும் கொடுங்கள். 'ஐபிவி4 அட்ரஸ்' ஒன்றில் 192.168.1.7, மற்றொன்றில் 192.168.0.12 என்றிருந்தால் மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். அங்கேயே காட்டும் 'சப்நெட் மாஸ்க்' (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையேல் அவை வெவ்வேறு நெட்வொர்க்.

முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதன் வான் (WAN, இன்டர்நெட் கேபிளுக்கான) போர்ட்டில் செருகினால் இப்படித்தான் ஆகும். இரண்டாவதன் கீழே இருக்கும் கணினியிலிருந்து பிங் (மற்ற கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போகலாம், எதிர்த்திசையில் போகாது. இந்த ஒருவழிப் பாதைதான் பலரையும் குழப்புவது.

இரண்டாவது ரவுட்டரில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' (தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதல் ரவுட்டரின் நெட்வொர்க்கையே நீட்டிக்கும் வசதி) இருந்தால் அதை இயக்கினால் போதும். இல்லாவிட்டால், முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால், இரண்டாவதன் லான் (LAN, வீட்டுக்குள்ளான நெட்வொர்க்) முகவரியை 192.168.1.2 என மாற்றுங்கள் (முதல் ரவுட்டர் விநியோகிக்கும் முகவரி வரம்புக்குள் அது வரக் கூடாது). பிறகு அதன் டிஎச்சிபியை (கணினிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, கடைசியாகக் கேபிளை வானிலிருந்து லான் போர்ட்டுக்கு மாற்றுங்கள். முதலில் கேபிளை மாற்றினால் இரண்டு ரவுட்டரும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் விண்டோஸ் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். கேபிளையும் டிஎச்சிபியையும் பாருங்கள்.

கேள்வி: எண்கள் சரியாக இருந்தும் பிங் செய்தால் 'ரெக்வெஸ்ட் டைம்டு அவுட்' வருகிறதே?

பதில்: அதை வைத்து இணைப்பு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று பதிவாகியிருந்தால் விண்டோஸ் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தடுக்கும் காவல்) பிங்குக்குப் பதில் சொல்லாது. செட்டிங்ஸில் அந்த இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸுக்குப் போய் 'பிரைவேட்' ஆக்குங்கள். அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஃபயர்வாலையே மொத்தமாக அணைத்துவிடுவது சோம்பேறி வைத்தியம்.

'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று உங்கள் கணினியின் முகவரியிலிருந்தே பதில் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். எதிர்க் கணினி தூங்குகிறது, அல்லது அது கெஸ்ட் வைஃபையில் மாட்டியிருக்கிறது, அல்லது ரவுட்டரில் 'ஏபி ஐசோலேஷன்' (வைஃபை கருவிகள் ஒன்றையொன்று பார்க்க விடாத வசதி) ஆன் ஆகியிருக்கிறது.

கேள்வி: பிங் போகிறது. ஃபோல்டரைத் திறக்கப் போனால் பாஸ்வேர்டு தவறு என்கிறது. தினமும் போடும் பின் நம்பரைத்தானே கொடுக்கிறேன்!

பதில்: அதுதான் சிக்கலே. பின் நம்பர் அந்தக் கணினியின் முன் உட்காருபவருக்கு மட்டும். நெட்வொர்க் வழியாகச் செல்லாது. ஃபோல்டர் இருக்கும் கணினியின் மைக்ரோசாஃப்ட் கணக்கு மின்னஞ்சலும் அதன் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்டே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக நெட்வொர்க்கில் ஏற்காது. பகிர்வுக்கென்றே பாஸ்வேர்டுடன் ஒரு லோக்கல் (அந்தக் கணினிக்கு மட்டுமான) கணக்கு உருவாக்குவது என் சிபாரிசு. ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸில் ஷேரிங் டேபில் அனுமதி கொடுத்தாலும் செக்யூரிட்டி டேபில் அந்தக் கணக்கு இல்லாவிட்டால் கதவு திறக்காது; இரண்டில் கறாரானதே செல்லும்.

நெட்வொர்க் பட்டியலில் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விண்டோஸ் கீயுடன் ஆர் அழுத்தி, \\192.168.1.7 என்று முகவரியையே கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கேபிளிலும் ஃபைல் நகல் நொடிக்கு 11 எம்பி தாண்டவில்லை.

பதில்: இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது. அதற்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளில் 1, 2, 3, 6 ஆகிய நான்கு போதும். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும். 4, 5, 7, 8-இல் ஒன்று அறுந்தாலும் வேகம் இறங்கிவிடும். கேபிளை மாற்றிப் பாருங்கள். மாறவில்லை என்றால் ரவுட்டர் போர்ட்டோ கணினியின் போர்ட்டோ 100 ஆக இருக்கலாம்.