64 கோர் பழைய எபிக்கா, 16 கோர் ரோமா?

கேள்வி: எங்கள் நூல் வணிக நிறுவனத்தில் 40 பேர் ஈஆர்பி மென்பொருளில் (கணக்கு, சரக்கு, விற்பனை எல்லாவற்றையும் ஒன்றாக நடத்துவது) வேலை செய்கிறோம். தரவுத்தளம் எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு, அடியில் இருப்பது விண்டோஸ் சர்வர். இப்போதுள்ள இயந்திரம் மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது திணறுகிறது. பழைய சர்வர்களைப் புதுப்பித்து விற்கும் ஒருவர் ஒரே விலையில் இரண்டைக் காட்டுகிறார். முதலாவதில் ஏஎம்டி எபிக் 7551 பிராசஸர் இரண்டு. மொத்தம் 64 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு). 32 ஜிபி ரேம் நான்கு. இரண்டாவதில் எபிக் 7302பி ஒன்றே ஒன்று, 16 கோர், 16 ஜிபி ரேம் எட்டு. "முதலாவதுதான் பெரியது. பிற்பாடு அதே சாக்கெட்டில் புதிய பிராசஸரை மாட்டிக்கொள்ளலாம்" என்கிறார். எதை வாங்குவது?

பதில்: 7302பி-ஐ வாங்குங்கள். விற்பவர் சொல்வதில் பொய் அதிகம் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வார்கள். எபிக் பிராசஸருக்குப் பல் அதன் கடைசி இலக்கம். 7551-இல் கடைசி 1. அது 2017 ஜூனில் வந்த முதல் தலைமுறை, நேப்பிள்ஸ். 7302-இல் கடைசி 2. அது 2019 ஆகஸ்டில் வந்த இரண்டாம் தலைமுறை, ரோம். 3 என்று முடிந்தால் 2021 மார்ச்சில் வந்த மிலன். நடுவிலுள்ள இரண்டு இலக்கங்கள் அந்தந்தத் தலைமுறைக்குள் யார் பெரியவர் என்று மட்டுமே சொல்லும். ஆகவே 7551 என்ற எண் 7302-ஐவிடப் பெரிது என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. கடைசியில் வரும் 'பி' எழுத்து, இது ஒற்றைச் சாக்கெட் போர்டுக்கு, அதாவது ஒரே பிராசஸர் உட்காரும் போர்டுக்கு மட்டும் என்பதன் குறி.

தலைமுறை ஒன்றுதான் தாண்டியிருக்கிறது, அதற்குள் அப்படி என்ன மாறிவிட்டது என்று கேட்பீர்கள். எபிக் வரலாற்றிலேயே பெரிய தாண்டல் அந்த ஒன்றுதான் என்பது என் கணிப்பு. சற்றுப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

2003 ஏப்ரலில் ஆப்டெரான் என்ற பெயரில் சர்வர் சந்தைக்குள் வந்து இன்டெலை உலுக்கிய ஏஎம்டி, 2011-இல் புல்டோசர் வடிவமைப்பில் சறுக்கியது. அதன்பின் சில ஆண்டுகள் சர்வர் அறைகளில் அதன் பெயரே கேட்கவில்லை. திரும்பி வர ஸென் என்ற புதிய கோர் கிடைத்தது. ஆனால் 32 கோரையும் ஒரே பெரிய சிலிக்கான் துண்டில் வார்ப்பது செலவு பிடிக்கும் வேலை. துண்டு பெரிதாகப் பெரிதாக, அதில் எங்காவது ஒரு பழுது விழுந்து முழுதும் வீணாகும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஏஎம்டி எட்டுக் கோர் கொண்ட சிறு சிப்பைச் செய்து, நான்கை ஒரே பொதியில் அடுக்கியது. அதுதான் நேப்பிள்ஸ். 2017 ஜூலையில் இன்டெல் இதை 'ஒட்டவைத்த டெஸ்க்டாப் சிப்கள்' என்று கிண்டல் செய்தது. (2023-இல் தன் ஜியான் வரிசையில் இன்டெலும் நான்கு துண்டுகளை இணைத்தே பிராசஸர் கொண்டுவந்தது. அதை ஒட்டவைத்தது என்று அது சொல்லவில்லை.)

கிண்டல் கிண்டலாக இருக்கட்டும், நேப்பிள்ஸில் ஒரு நிஜமான குறை இருந்தது. ஒரே கூரையின்கீழ் நான்கு அடுப்படி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுப்படிக்கும் தனித்தனி அலமாரி. மூன்றாம் அடுப்பில் சமைப்பவருக்கு வேண்டிய மிளகாய்த்தூள் முதல் அடுப்படியின் அலமாரியில் இருந்தால், நடந்து போய்த்தான் எடுத்து வர வேண்டும். நேப்பிள்ஸின் நான்கு சிப்களும் இப்படித்தான்: ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக இரண்டு நினைவகச் சேனல்கள் (ரேமுக்குப் போகும் பாதைகள்). தன் சேனலில் உள்ள தரவு சீக்கிரம் வரும்; பக்கத்துச் சிப்பின் சேனலில் உள்ளது தாமதமாக வரும். இயங்குதளத்தின் கண்ணுக்கு ஒரு பிராசஸரே நான்கு நூமா முனைகளாக, அதாவது தனித்தனி நினைவகம் கொண்ட நான்கு பகுதிகளாகத் தெரியும். உங்களுக்குக் காட்டப்பட்ட இரட்டைச் சாக்கெட் இயந்திரத்தில் அவை எட்டு.

இப்போது அந்த இயந்திரத்தின் ரேமை எண்ணுங்கள். அடுப்படி எட்டு, ரேம் துண்டோ நான்கு. எப்படி மாற்றி மாற்றிச் செருகினாலும் நான்கு சிப்களுக்குச் சொந்த நினைவகமே கிடையாது; அவற்றில் உள்ள 32 கோர்களும் ஒவ்வொரு தரவுக்கும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தரவுத்தளம் என்பதோ ஓயாமல் நினைவகத்தைத் துழாவும் மென்பொருள். விற்பவர் இதைத் தெரிந்து செய்தாரா, கையில் இருந்த ரேமைப் போட்டு அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் நடக்கிறது.

ரோம் இந்த வீட்டையே இடித்துக் கட்டியது. நடுவில் ஒரு பெரிய சிப். நினைவகச் சேனல் எட்டும், டிஸ்க், நெட்வொர்க் அட்டை போன்றவற்றுக்கு வெளியே போகும் பிசிஐஇ பாதைகளும் அதில்தான். கல்யாண மண்டபத்து உக்கிராண அறை மாதிரி, எல்லா அடுப்புக்கும் அது ஒன்றே சரக்கறை. அதைச் சுற்றி, கோர்கள் மட்டுமே உள்ள சிறு சிப்கள். கோர் சிப்களைத் தைவானின் டிஎஸ்எம்சி 7 நானோமீட்டரில் செய்தது. நடுச் சிப்பை குளோபல்ஃபவுண்டரீஸ் பழைய 14 நானோமீட்டரிலேயே செய்தது. வேகம் வேண்டிய இடத்தில் மட்டும் விலையுயர்ந்த தொழில்நுட்பம், மற்ற இடத்தில் மலிவானது. பொறியியலில் இப்படிப்பட்ட சிக்கனம் எனக்கு மிகவும் பிடிக்கும். பயன் என்னவென்றால், ஒற்றைச் சாக்கெட் ரோம் இயந்திரம், பயாஸின் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) வழக்கமான அமைப்பில் ஒரே நூமா முனையாகவே இருக்கும். உங்களுக்குக் காட்டப்பட்ட 7302பி-யில் எட்டுச் சேனலுக்கும் எட்டு ரேம் இருக்கிறது. அதைக் கட்டியவருக்கு வேலை தெரிந்திருக்கிறது.

மற்ற கணக்குகளும் அதன் பக்கமே. 7551-இன் அடிப்படை வேகம் 2.0 கிகாஹெர்ட்ஸ், 7302பி-க்கு 3.0. ஒவ்வொரு துடிப்பிலும் ரோமில் உள்ள ஸென் 2 கோர் முன்னதைவிடச் சுமார் 15 சதவீதம் கூடுதல் வேலை செய்யும் என்பது ஏஎம்டியின் கணக்கு. மூன்றாம் நிலை கேஷ் (பிராசஸருக்குள்ளேயே உள்ள வேகமான நினைவகம்), 7551 ஒன்றில் 32 கோருக்கு 64 எம்பி; 7302பி-யில் 16 கோருக்கே 128 எம்பி. உங்கள் மாதக் கடைசி அறிக்கையைப் போல ஓரிரு கோரை மட்டும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஓடும் வேலைக்கு, சும்மா நிற்கும் ஐம்பது கோர்களால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து லைசென்ஸ். பலர் சர்வரை வாங்கி இறக்கிய பிறகுதான் இதைப் படிக்கிறார்கள். விண்டோஸ் சர்வருக்கு இயந்திரத்தில் உள்ள கோர்கள் அத்தனைக்கும் லைசென்ஸ் வாங்க வேண்டும், குறைந்தபட்சம் 16. உங்கள் 7302பி அந்தக் குறைந்தபட்சத்தில் கச்சிதமாக நிற்கிறது. 64 கோர் இயந்திரத்துக்கு அதே லைசென்ஸ் நான்கு மடங்கு. எஸ்கியூஎல் சர்வர் ஸ்டாண்டர்டு 2022 பதிப்பு வரை 24 கோருக்கு மேல் பயன்படுத்தாது. மீதியை அது ஏறெடுத்தும் பார்க்காது. கோர் கணக்கில் அதற்கு லைசென்ஸ் வாங்கியிருந்தால், இரண்டு இயந்திரங்களின் 'ஒரே விலை' என்பதே பொய்யாகிவிடும்.

மின்சாரம்: 7551 ஒன்றின் வெப்ப அளவு 180 வாட், இரண்டுக்கு 360, 7302பி-க்கு 155. அந்த 205 வாட் வித்தியாசம் முழுதும் எந்நேரமும் செலவாகாது. பாதி என்று வைத்தாலும் ஆண்டுக்குச் சுமார் 900 யூனிட். அந்தச் சூட்டை வெளியேற்றும் ஏசியின் செலவு தனி.

இனி "பிற்பாடு மாட்டிக்கொள்ளலாம்" என்ற வாக்குறுதி. நேப்பிள்ஸ், ரோம், மிலன் மூன்றுக்கும் சாக்கெட் எஸ்பி3 ஒன்றுதான், 4,094 தொடுமுனைகள், ரேமும் டிடிஆர்4 தான். ஆனால் சாக்கெட் ஒன்று என்பதால் போர்டு ஏற்றுக்கொள்ளும் என்று ஆகிவிடாது. நேப்பிள்ஸ் காலத்துத் தொடக்கப் போர்டுகள் பலவற்றில் பயாஸ் சிப் சிறியது. ரோமுக்கான பயாஸ் அதில் கொள்ளாது. கொண்டாலும் பிசிஐஇ 4.0 வேகம் கிடைக்காமல் 3.0-லேயே நிற்கும். ரோமுக்கென்று வந்த போர்டுகளில் பல, பயாஸைப் புதுப்பித்தால் மிலனையும் ஏற்கும். ஆகவே ஏறுவதற்கு ஏணி இருப்பது பெரும்பாலும் இரண்டாவது இயந்திரத்துக்கே. போர்டின் மாடல் எண்ணையும் திருத்த எண்ணையும் கேட்டு வாங்கி, தயாரிப்பாளரின் ஆதரவுப் பட்டியலில் நீங்களே பார்த்துவிடுங்கள். மிலனில் ஒரு சிப்பின் எட்டுக் கோர்களும் 32 எம்பி கேஷைப் பொதுவில் பகிர்கின்றன. ரோமில் நான்கு நான்காகப் பிரிந்து 16 எம்பி. நாளை 7313பி கைக்கெட்டும் விலைக்கு வந்தால், கோர் கூட்டாமலே, அதாவது லைசென்ஸ் கூட்டாமலே, வேகம் கூட்டலாம்.

அதற்குப் பிந்திய ஜெனோவா, டூரின் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம். 2022 நவம்பரில் வந்த ஜெனோவாவுக்கு எஸ்பி5 என்ற வேறு சாக்கெட், பன்னிரண்டு சேனல் டிடிஆர்5. 2024 அக்டோபரில் வந்த டூரினில் 192 கோர் வரை உண்டு. அவை வேறு ஊர். உங்கள் போர்டோ ரேமோ அங்கே செல்லாது.

பழைய பிராசஸரில் ஒரு கண்ணி இருக்கிறது. எபிக்கில் பிளாட்பார்ம் செக்யூர் பூட் என்ற வசதி உண்டு. சில சர்வர் தயாரிப்பாளர்கள் அதை இயக்கி, பிராசஸரைத் தங்கள் பயாஸுக்கு மட்டுமே கட்டுப்படும்படி பூட்டிவிடுவார்கள். அந்தப் பூட்டைக் கழற்ற முடியாது. நானே ஒருமுறை மலிவாகக் கிடைத்ததே என்று ஒரு ரோம் பிராசஸரை வாங்கி, வேறு நிறுவனத்தின் போர்டில் மாட்டி, திரையில் ஒன்றும் வராமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்தேன். ரேமைச் சந்தேகித்தேன், மின்வழங்கியைச் சந்தேகித்தேன்; பூட்டு நினைவுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. நீங்கள் முழு இயந்திரமாக வாங்குவதால் இன்றைக்குச் சிக்கல் இல்லை. பின்னால் மிலன் தனியாக வாங்கும்போது, "பூட்டப்படாதது" என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும் முன், கடையிலேயே இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். 128 ஜிபி-யும் எட்டுச் சேனலில் தெரிகிறதா என்று பாருங்கள். எஸ்பி3 சாக்கெட்டின் மூன்று திருகுகளைச் சரியான இறுக்கத்தில் முடுக்காவிட்டால், ஒன்றிரண்டு சேனல்கள் காணாமல் போவது வழக்கம். ஊசி வளைந்திருந்தாலும் அப்படியே. பயாஸ் தேதியையும் பாருங்கள். ஸென் 2 கோர்களில் ஸென்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை 2023 ஜூலையில் வெளிவந்தது. அதற்கு முந்தைய பயாஸ் என்றால் முதல் வேலையாகப் புதுப்பியுங்கள்.

எதையும் வாங்கும் முன் இன்னொன்று. அடுத்த மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும்போது, பழைய சர்வரில் பிராசஸர் பயன்பாட்டையும் டிஸ்க்கின் காத்திருப்பையும் பக்கத்தில் உட்கார்ந்து கவனியுங்கள். பிராசஸர் 30 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் மூச்சு முட்டினால், உங்களுக்கு வேண்டியது நல்ல என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) இரண்டு. அதைப் பழைய இயந்திரத்திலேயே மாட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு விற்பவருக்குப் பதில் சொல்லலாம்.