மறைமுக ஆயுத உதவியை நிறுத்துவது: விவாத மேடைக்கு எந்தச் சான்று வலுவானது?

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், "அந்நிய நாட்டு உள்நாட்டுப் போரில் கிளர்ச்சியாளர்களுக்கு இரகசியமாக அளிக்கப்படும் உதவியை உடனே நிறுத்த வேண்டும்" என்ற தலைப்பை ஆதரித்துத் தமிழ் விவாதப் போட்டியில் பேசவிருக்கிறாள். சிரியாவை மட்டும் சான்றாகக் காட்டினால் போதுமா?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: சிரியாவில் தொடங்கலாம், ஆனால் அதோடு நின்றுவிட்டால் எதிரணி எளிதில் மடக்கிவிடும்.

முதலில், எந்த உதவி நிறுத்தப்பட்டது என்பதில் தெளிவு வேண்டும். அதிபர் ஒபாமாவின் ஒப்புதலோடு 2013இல் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ தொடங்கிய இரகசியத் திட்டம், ஜோர்தான், துருக்கி வழியாக, அப்போதைய சிரிய அதிபர் அசாத்தை எதிர்த்த குழுக்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் அளித்தது. 2017இல் அதிபர் டிரம்ப் நிறுத்தியது இதைத்தான். ஐஎஸ் பயங்கரவாத அமைப்புக்கு எதிராகப் போரிட்ட குர்தியர் தலைமையிலான படைகளுக்கு அமெரிக்கத் தற்காப்பு அமைச்சு வெளிப்படையாக அளித்த உதவி வேறு. அது அதன் பிறகும் தொடர்ந்தது. இவ்விரண்டையும் குழப்பிப் பேசினால் மற்ற வாதங்களும் நம்பகத்தன்மை இழக்கும்.

நிறுத்தியதற்கு ஆதரவான சான்றுகள் வலுவானவை. 2015 செப்டம்பரில் ரஷ்ய விமானப்படை அசாத்துக்கு ஆதரவாகக் களமிறங்கிய பிறகு, அக்குழுக்கள் வெல்லும் வாய்ப்பு பெரிதும் மங்கிவிட்டது. அதோடு, ஆயுதம் போகவேண்டிய கைக்குப் போகவில்லை. ஜோர்தான் உளவுத்துறையினர் சிலர் அவற்றைத் திருடிக் கள்ளச்சந்தையில் விற்றதாகவும், அவற்றுள் சில 2015 நவம்பரில் அம்மான் காவல்துறைப் பயிற்சி நிலையத்தில் அமெரிக்கர் இருவர் உட்பட ஐவரைப் பலிகொண்ட துப்பாக்கிச்சூட்டில் பயன்பட்டதாகவும் 2016இல் செய்திகள் வெளிவந்தன. உங்கள் மகள் இதை விரிவாகவே சொல்லட்டும்.

எதிரணி 1975ஐ எடுக்கும். அவ்வாண்டு மார்ச் 6 அன்று அல்ஜியர்ஸில் ஈரான் மன்னர் ஷாவும் ஈராக்கின் சதாம் உசேனும் உடன்பாடு கண்டதும், ஈரானும் சிஐஏவும் ஈராக்கியக் குர்தியருக்கு அளித்துவந்த உதவி நின்றது. சில வாரங்களில் குர்தியத் தலைவர் முஸ்தபா பர்சானியின் எதிர்ப்பு நொறுங்கி, பெருந்திரளான மக்கள் ஈரானுக்கு ஓடினர். உதவியை நம்பி எழுந்தவர்களை நட்டாற்றில் விட்ட செயல் அது. அதை மழுப்பிப் பேசுவது தவறு.

இதற்கு மறுமொழி நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்த பிறகு, அங்கிருந்த கம்யூனிஸ்ட் அல்லாத எதிர்ப்புக் குழுக்களுக்குச் சிங்கப்பூரும் துப்பாக்கிகள் வழங்கியதைத் திரு லீ குவான் இயூ தம் நினைவுக் குறிப்புகளில் பதிவுசெய்துள்ளார். 1991 அக்டோபர் 23 பாரிஸ் உடன்பாட்டில், ஒரு தரப்பை மட்டும் கைவிடாமல், எல்லாத் தரப்புக்கும் வெளியிலிருந்து வந்த இராணுவ உதவியை ஒருசேர நிறுத்த முடிவானது. அதைக் கண்காணிக்கும் பொறுப்பு ஐநாவிடம் தரப்பட்டது. தாய்லாந்து எல்லை அகதிகள் 360,000க்கும் மேற்பட்டோர் நாடு திரும்பினர். 1993 மே மாதம் தேர்தல் நடந்தது. கம்போடியக் கம்யூனிஸ்ட் அமைப்பான கெமர் ரூஜ் ஆயுதத்தைக் கீழே வைக்க மறுத்ததையும் அவள் மறைக்கக்கூடாது.

எனவே தலைப்பை விளக்கும்போதே, "உடனே நிற்கவேண்டியது ஆயுதம் மட்டுமே; உணவு, மருந்து, அடைக்கலம் ஆகியவை அல்ல" என்று வரையறுத்துவிடச் சொல்லுங்கள். கிளர்ச்சியாளர்களால் வெல்ல முடியும் என்பதற்கு 2024 டிசம்பரில் அசாத் வீழ்ந்ததை எதிரணி காட்டினால், அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஹயாத் தஹ்ரீர் அல்-ஷாம் அமைப்பை அமெரிக்கா அப்போது பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டிருந்தது என்பதையும், சிஐஏ திட்டம் அதற்கு உதவ உருவானதல்ல என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு மேலே செல்லலாம்.