விற்பனையில் இல்லாத பழைய வீடியோ கேமின் நகலை வைத்திருப்பது தவறா?

இப்போது எங்கும் விற்காத கேம்தானே, அதன் ரோம் (கேமை அப்படியே நகலெடுத்த கோப்பு) இறக்கினால் என்ன என்று கேட்கிறீர்கள். சட்டப்படி கூடாது. விற்பனை நின்றாலும் பதிப்புரிமை நிற்காது. அமெரிக்காவில் நிறுவனப் படைப்புகளுக்கு அது பொதுவாக வெளியானதிலிருந்து 95 ஆண்டுகள். '24 மணி நேரத்தில் அழித்துவிட்டால் குற்றமில்லை' என்பது வெறும் கட்டுக்கதை. பழைய கேம் கருவியைப் போலவே கணினியைச் செயல்பட வைக்கும் மென்பொருளான எமுலேட்டர் வேறு விஷயம்: சோனி தொடுத்த வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்படியொரு எமுலேட்டரை உருவாக்கிய கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

சரி, நியாயம்? மறுவெளியீடு விற்பனையில் இருந்தால் காசு கொடுத்து வாங்குவதுதான் முறை. ஆனால் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனின் 2023 ஆய்வுப்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடைகளில் புதிதாகக் கிடைப்பதில்லை. டிஸ்க் அரித்துப்போகும், சிப் பழுதாகும். யாரும் நகலெடுத்து வைக்காவிட்டால் அவை அழிந்தே போகும். அப்படியொரு கேமைக் காப்பாற்றி வைத்திருப்பவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.