‘கைவேலை மட்டும்தான் வரும்’ என்று சொல்லாதீர்கள்

அன்புள்ள அம்மா,

பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, “மகனுக்குப் படிப்பு ஏறவில்லை, கைவேலை மட்டும்தான் வருகிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டு மிக்ஸியை அவனே சரிசெய்ததையும் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது.

மிக்ஸியின் அடியில் பொறி பறந்ததைப் பார்த்து, கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரண்ட் கடத்தும் சிறு கரித்துண்டு) தேய்ந்திருக்கும் என்று சொன்னானாம். அது பழுதறியும் அறிவு. கழற்றிய திருகுகளை ஒன்றுகூட மாறாமல், மரை கெடாமல் திரும்ப மாட்டியிருக்கிறான். அதற்கு நினைவும் வேண்டும், கைநிதானமும் வேண்டும். இதில் எது வெறும் கைவேலை?

அவன் ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) சேர்ந்தால், அதற்குப் பிறகு அப்ரன்டிஸ் (தொழில் பழகுநர்) நேர்காணல் வரும். அங்கே எல்லாரும் தங்களைப் பற்றி “சுறுசுறுப்பானவன், கடின உழைப்பாளி” என்றுதான் சொல்வார்கள். கேட்பவர் மனதில் எதுவும் நிற்காது. தொழிலுக்குத் தொழில் வேண்டிய திறன் வேறு. பிட்டருக்கு, அதாவது இயந்திர பாகங்களைச் செதுக்கிப் பொருத்துபவருக்கு, வேகத்தைவிடப் பொறுமை முக்கியம். இரும்புத் துண்டை அரத்தால் ராவி, வெர்னியர் காலிப்பர் என்ற நுண்ணளவுக் கருவியில் 0.02 மி.மீ. வரை அளந்து பார்ப்பார்கள். கொஞ்சம் கூடுதலாக ராவிவிட்டால் துண்டு வீண்தான். வெல்டருக்குக் கை நடுங்காமல் வெல்டிங் ராடை ஒரே சீராக நகர்த்தும் லாவகம் வேண்டும், குனிந்தபடி வெகுநேரம் வேலை பார்க்க உடம்பும் தாங்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வயரிங் படத்தைப் பார்த்ததுமே கரண்ட் போகும் வழியை மனதில் ஓட்டிப் பார்க்கிறார்.

அதனால் மகனை உட்காரவைத்து, தான் செய்ததை அவன் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்: என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தான், எதை மாற்றினான். அதை அப்படியே எழுதி வைக்கட்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுத வேண்டாம், “கற்றுக்கொண்டிருக்கிறேன்” என்றால் போதும். அப்புறம் ஒரு வேண்டுகோள்: அவன் காதுபட ‘மக்கு’ என்ற சொல் வேண்டவே வேண்டாம்.

படிப்பு இத்தோடு நின்றுவிடுமோ என்று பயப்படாதீர்கள். வெல்டர் பயிற்சி 1 வருடம், பிட்டரும் எலக்ட்ரீஷியனும் 2 வருடம். 2 வருட ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அப்படியே இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம். ஆனால் ஐடிஐயிலும் கணக்கும் வரைபடமும் உண்டு, அதை அவனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பிக்கும் முன் அருகிலுள்ள அரசு ஐடிஐக்குக் கூட்டிப்போய்ப் பட்டறையைக் காட்டுங்கள். பயிற்றுநரிடம் அவனே கேள்வி கேட்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். எந்தப் பிரிவு என்பதை அதற்குப் பிறகு பேசி முடிவெடுக்கலாம்.